டெல்டா வேறு, கழிமுகம் வேறு

'காவிரிக் கழிமுக மாவட்டங்களில் குறுவை நடவு மும்முரம்.' இந்த ஆண்டும் செய்தியில் படித்தாயிற்று. டெல்டாவைத்தான் இப்படிக் கழிமுகம் என்று தமிழாக்குகிறார்கள். கழிமுகத்தில் குறுவை நெல்லா?

டெல்டா என்பது முக்கோண வடிவிலான கிரேக்க எழுத்தின் பெயர். நைல் ஆறு கிளைத்து விரியும் நிலத்துக்கு அதையே வைத்தார்கள், கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஹெரோடோட்டஸிடமே அந்தப் பெயர் உண்டு. பிறப்புக் கதை அவ்வளவுதான்.

கழி என்றால் உப்பங்கழி, கடல்நீர் ஏறி இறங்கும் இடம். சங்கப் பாட்டில் சுறா திரிவது அங்கேதான். அதன் வாய் கழிமுகம். திருவையாற்றிலும் கும்பகோணத்திலும் எந்தக் கழி இருக்கிறது? நர்மதைக்கும் தபதிக்கும் டெல்டா கிடையாது, கழிமுகம் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், 'நர்மதைக்குக் கழிமுகம் இல்லை, கழிமுகம் உண்டு' என்றா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது?

காவிரியையே பாருங்கள். குடகில் பிறந்து, ஒகேனக்கல்லில் பாறையை அறுத்து விழுந்து, பவானி, நொய்யல், அமராவதி என்று வருவதையெல்லாம் சேர்த்துக்கொண்டே வரும் ஆறு, முக்கொம்பில் குணம் மாறிப் பிரிந்துகொடுக்கத் தொடங்குகிறது. அங்கே கொள்ளிடம், கல்லணையில் வெண்ணாறு, அப்புறம் குடமுருட்டி, அரசலாறு. சரிவு குறைந்து ஓட்டம் தளர, சுமந்து வந்த வண்டல் படிகிறது. குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைவது அந்த வண்டலில். பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி ஒரு வாய்க்கால் அகலம்தான். டெல்டா என்பது இந்தப் பிரிவும் படிவும். கடைசி வாய் மட்டுமல்ல.

டெல்டாவை 'வடிநிலம்' என்பாரும் உண்டு. மழைநீர் வடிந்து ஆற்றுக்கு வரும் பரப்பு முழுவதும் வடிநிலம். குடகும் மைசூரும்கூட அதில் அடக்கம். வெறும் 'படுகை'யும் போதாது. தஞ்சைப் பக்கம் படுகை என்றால் ஆற்றோரத்து வாழைக்கொல்லை, மூங்கில் குத்து. 'வண்டற்படுகை' என்றால் பொருள் நிற்கும். அது நாவில் வராதவர்கள் டெல்டா என்றே எழுதட்டும். அந்த ஊர் விவசாயி அப்படித்தான் சொல்கிறார், மொழி ஒன்றும் கெட்டுவிடாது. தவறான தமிழுக்கு இரவல் சொல் எவ்வளவோ மேல்.

அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. துணையாறு வந்து சேர்வது, கிளையாறு பிரிந்து போவது. அந்த வேறுபாடுகூடத் தெரியாமல் கொள்ளிடத்தைக் காவிரியின் துணையாறு என்று எழுதுகிறார்கள். அச்சிலும் வருகிறது.