வாசலைத் தாண்டிய பிறகு குப்பை எங்கே போகிறது?

பருவநிலை மாற்றம் பற்றிக் குடியிருப்போர் நலச்சங்கங்களில் பேசப் போனால் முதலில் வரும் கேள்வி இதுதான்: "அனல் மின் நிலையத்தை விட்டுவிட்டு எங்களிடம் ஏன் வருகிறீர்கள்?" நியாயமான கேள்வி. சென்னை வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் பெரும்பங்கு மின்சாரப் பயன்பாட்டால்தான் வருகிறது. நிலக்கரியை எரிப்பதா, நிறுத்துவதா என்று ஒரு குடும்பம் முடிவு செய்ய முடியாது. குப்பை அப்படியில்லை. அதில் முதல் முடிவு சமையல் மேடைக்குக் கீழே இருக்கும் வாளியிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. குப்பை பிரிப்புத் திட்டங்களை நடத்துவது என் தொழில். நகர மக்களை இந்த வேலைக்குள் கொண்டுவர வேறெதையும்விட இதுவே நல்ல தொடக்கம் என்று நம்புகிறேன்.

மிஞ்சிய சோறு, காய்கறித் தோல், வாழை இலை, பழைய பூ. நம் ஊர் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி இவைதான். இவை சென்னையின் பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ உள்ள குப்பை மேட்டில் போய்ப் புதையும்போது காற்று கிடைப்பதில்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் இவற்றைச் சிதைத்து மீத்தேனாக்குகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. நம் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் காலம் அந்த இருபது ஆண்டுகள்தான் என்பதால் நான் இரண்டாவது எண்ணைத்தான் அதிகம் சொல்வேன்.

ஐபிசிசி எனப்படும் ஐநாவின் பருவநிலை அறிவியல் குழு தரும் பொதுவான கணக்கு முறையைப் போட்டுப் பார்த்தால், ஆழமான குப்பை மேட்டில் கொட்டப்படும் ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து காலப்போக்கில் சுமார் 40 கிலோ மீத்தேன் வெளியேறும். அதே ஒரு டன்னைக் காற்றோட்டமாக உரமாக்கினால் சுமார் 4 கிலோதான். ஒரு வீட்டில் நாளைக்கு அரை கிலோ மக்கும் குப்பை சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 180 கிலோ வரும். அது மேட்டுக்குப் போனால் 7 கிலோ மீத்தேன், அதாவது நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 200 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு வீட்டுக்கு இது சிறிய எண்ணல்ல.

மீத்தேன் தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி மேடு பற்றி எரிந்து, சுற்றியிருந்தவர்கள் நாள்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பை மேட்டில் தீயை அணைக்க இரண்டு வாரத்துக்கு நெருக்கமாக ஆனது. மேட்டில் ஈரக் குப்பையும் பிளாஸ்டிக்கும் கலந்து கிடக்கும்வரை இந்த ஆபத்தும் கூடவே கிடக்கும்.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகும் பல இடங்களில் பிரிப்பு ஏன் நடப்பதில்லை? "மக்கள் ஒத்துழைப்பதில்லை" என்று அதிகாரிகள் மட்டுமல்ல, சங்க நிர்வாகிகளும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கிறது. வருபவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆண்கள். அக்கறையுள்ளவர்கள்தான், நல்ல கேள்வியும் கேட்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் குப்பை வாளியைக் கையாள்வது அவர்கள் அல்ல. வீட்டுப் பெண்களும், வேலை செய்ய வரும் அக்காக்களும், கீழே எடுத்துப் போகும் காவலாளியும்தான். அவர்களில் யாரும் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை.

ஆகவே இப்போதெல்லாம் அக்காக்கள் வேலை முடித்துக் கிளம்பும் பதினோரு மணி வாக்கில், படிக்கட்டுப் பக்கத்திலேயே நின்று பேசுகிறோம். தென்சென்னையில் ஓர் அடுக்ககத்தில் ஓர் அக்கா சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது: "நான் பச்சை டப்பாவுல தனியா போட்டுத்தான் சார் வெக்கிறேன். கீழ வண்டியில ரெண்டையும் ஒண்ணா கொட்டுறாங்க. அப்புறம் எதுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தப் பிரச்சாரமும் நிற்காது. பிரித்துக் கொடுத்ததைக் கலந்து ஏற்றுவதை ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அந்த வீடு பிரிப்பதை விட்டுவிடும். வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய வண்டியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றனவா, மக்கும் குப்பையை இறக்க அருகில் நுண் உரக்குடில், அதாவது வார்டிலேயே உரமாக்கும் சிறு கூடம், இயங்குகிறதா, அவருக்கு ஒதுக்கிய தெருக்கள் ஒரு காலை வேளைக்குள் முடியக்கூடியவையா என்று பார்க்க வேண்டும். சானிட்டரி நாப்கினையும் டயப்பரையும் தனியாகச் சுற்றிக் கொடுக்காத வீட்டில், அதை வெறுங்கையால் பொறுக்கி எடுப்பவர் அவர்தான். குடியிருப்பவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது இதை.

அடுக்ககத்துக்குள்ளேயே உரத் தொட்டி வைக்கலாம் என்றால் அடுத்த பயம் நாற்றம். நன்றாக மக்கும் தொட்டி மழை பெய்த மண்ணைப் போலத்தான் மணக்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே ஈரம் அதிகமாகிக் காற்று போகவில்லை என்று பொருள். மீத்தேனுக்கு வாடை கிடையாது. ஆனால் அந்த வாடையை உண்டாக்கும் அதே காற்றில்லாத நிலைதான் மீத்தேனையும் உண்டாக்குகிறது. மருந்து எளிது: ஒரு கூடை ஈரக் குப்பைக்கு ஒரு கூடைக்குக் குறையாமல் காய்ந்த சருகு போட்டு, வாரத்துக்கு இரண்டு முறை கிளறிவிட வேண்டும். குழம்பையும் மோரையும் தொட்டியில் ஊற்றக் கூடாது. வளாகத்தில் கூட்டிக் குவித்து எரிக்கும் சருகுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

முழு நகரமே இப்படி மாற முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கேரளத்தின் ஆலப்புழையைச் சொல்வேன். நகரத்துக் குப்பை பக்கத்து ஊரான சர்வோதயபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊர் மக்கள் போராடி லாரிகளைத் தடுத்தார்கள். வேறு வழியில்லாமல் 2012-இல் நகரமே தன் மக்கும் குப்பையைத் தன் வாசலில் கையாளத் தொடங்கியது. வீடுகளுக்கு மானியத்தில் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும், மண்ணில் நட்டுவைக்கும் உரக் குழாய்களும் கொடுத்தார்கள். இடமில்லாதவர்களுக்காகத் தெருமுனைகளில் காற்றோட்டமான உரத் தொட்டிகள் வந்தன. 2017-இல் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு ஆலப்புழையை உலகளவில் எடுத்துக்காட்டான ஐந்து நகரங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பாராட்டல்ல. ஓர் ஊரின் குப்பையை இன்னோர் ஊர் ஏன் சுமக்க வேண்டும் என்று சர்வோதயபுரம் கேட்டது. அதற்கு நகரம் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருப்பவர்களும் பல பத்தாண்டுகளாக அதையேதான் கேட்கிறார்கள்.

நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் வளாகங்கள் மக்கும் பகுதியை முடிந்தவரை உள்ளேயே கையாள வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது. உங்கள் வளாகம் பெரியது என்றால் சங்கத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள். தனி வீடு என்றால், உங்கள் தெருவின் மக்கும் குப்பை எந்த உரக்குடிலில் இறங்குகிறது என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு, ஒரு காலையில் நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவும் வர விரும்பினால் அழைத்துப் போங்கள், அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல்.