பிளேடின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு

டேபிள் டென்னிஸ் ஆடுகிற எல்லோருக்கும் ஒரு நாள் இந்தக் குழப்பம் வரும். கையில் இரண்டு கார்பன் பிளேடு (பிளேடு என்பது பேட்டின் மரப்பகுதி, ரப்பரை அதன் மேல்தான் ஒட்டுவார்கள்), எதை எடுப்பது என்று தெரியாது. இரண்டிலும் ஐந்து மர அடுக்கு, நடுவே இரண்டு ஃபைபர், அதாவது நார், அடுக்கு. இரண்டுமே 5.8 மி.மீ. தடிமன். வேகத்துக்கு ஓர் எண், அதிர்வுக்கு ஓர் எண் என்று போட்டிருப்பார்கள், அந்த எண்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெயர் வேறு, ஹேண்டிலின் நிறம் வேறு. விசாரித்தால் ஒருவர் இதுதான் வேகம் என்பார், இன்னொருவர் இல்லவே இல்லை, அதுதான் வேகம், இது கைக்கு அடங்கும் என்பார், இரண்டு பேரும் அடித்துச் சொல்வார்கள். நானும் இப்படி வாரக்கணக்கில் தவித்திருக்கிறேன். பிளேடை முகம் பார்ப்பதை விட்டுவிட்டு ஓரம் பார்க்கப் பழகிய பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது.

ரப்பர் ஒட்டாத ஒரு பிளேடை எடுத்து, பக்கவாட்டில் திருப்பி, நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் தடியாக, வெளுத்த நிறத்தில் ஒரு மரம் தெரியும். பல கார்பன் பிளேடுகளில் அது கிரி என்கிற மரம். மரங்களிலேயே ரொம்ப லேசானவற்றில் ஒன்று, ஒரு கன சென்டிமீட்டர் 0.3 கிராம்கூட வராது, நகத்தால் அழுத்தினால் தடம் விழும். அதற்கு மேலேயும் கீழேயும் மெல்லிய மரத் தகடுகள். அவற்றுக்கு நடுவில் எங்கேயோ பென்சிலால் இழுத்த மாதிரி பக்கத்துக்கு ஒரு கறுப்புக் கோடு ஓடும். அதுதான் கார்பன். அந்தக் கோடு வெளித்தோலுக்கு அடுத்தபடி இருக்கிறதா, இல்லை உள்ளே நடு மரத்தை ஒட்டி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

ஏன் அந்த இடம் அவ்வளவு முக்கியம்? ஒரு தடித்த அழிப்பானை வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் சுருங்கும், நட்டநடுவில் ஒன்றுமே நடக்காது. பந்து படும்போது பிளேடும் அப்படித்தான் கொஞ்சம் வளைகிறது. ஒரு அடுக்கு நடுத்தளத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக அது இழுபடவோ சுருங்கவோ வேண்டியிருக்கிறது, அதனால் அவ்வளவு அதிகமாக வளைவை எதிர்க்கிறது. கணக்கில் இது தூரத்தின் வர்க்கமாக வரும். ஒரு பேச்சுக்கு, கார்பன் நடுவிலிருந்து 2.3 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள், இன்னொரு பிளேடில் அதே கார்பன் 1.6 மி.மீ. தள்ளி இருக்கிறது. 2.3-இன் வர்க்கம் 5.29, 1.6-இன் வர்க்கம் 2.56. அதே நார், அதே பசை, அதே எடை, ஆனால் விறைப்புக்கு அது தருகிற பங்கு இரண்டு மடங்கு! மரத்துக்கும் பங்கு உண்டு என்பதால் மொத்தப் பிளேடும் இரண்டு மடங்கு விறைத்துவிடாது, ஆனால் கைக்கு நன்றாகவே தெரிகிற வித்தியாசம் இது.

ஆட்டக்காரர்கள் அவுட்டர், இன்னர் என்று சொல்வது இதைத்தான்: கார்பன் வெளித்தோலுக்கு அடுத்து இருந்தால் அவுட்டர், நடு மரத்தை ஒட்டி இருந்தால் இன்னர். பட்டர்ஃபிளை கம்பெனியின் விஸ்காரியா பிளேடு 1993-இல் வந்தது, அவுட்டர் வகைக்கு அதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள்: வெளியே கோட்டோ மரம், உடனே அடுத்து ஃபைபர், அதற்கடுத்து லிம்பா என்கிற மரம், நடுவில் கிரி. அதே கம்பெனியின் இன்னர்ஃபோர்ஸ் லேயர் ஏஎல்சி என்கிற பிளேடில் வெளியே லிம்பா, அதன் கீழ் இன்னொரு லிம்பா, அப்புறம்தான் ஃபைபர், அது நடு மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் யோசிக்கிறீர்கள் என்றால் அது உண்மையான தேர்வு, நேரம் செலவழிக்கலாம். ஆனால் விஸ்காரியாவா அதே கம்பெனியின் டிமோ போல் ஏஎல்சி-யா என்று யோசித்தால், இரண்டின் அடுக்கு வரிசையும் ஒன்றுதான், மரங்கள் ஒன்றுதான், ஃபைபர் ஒன்றுதான், முக அளவும் 157-க்கு 150 மி.மீ. என்று ஒன்றுதான். வேறுபடுவது பெரும்பாலும் ஹேண்டில்.

இந்தப் பெயர்களில் வருகிற ஏஎல்சி என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரிலேட் என்கிற நாரையும் கார்பன் நாரையும் சேர்த்து நெய்த துணி. கார்பன் நாரின் விறைப்பு எஃகுக்கு நிகரானது, எடையோ எஃகில் நான்கில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் கார்பனை மட்டும் போட்டால் அடி வெடுக்கென்று இருக்கும், அதிர்வு கையில் சுள்ளென்று ஏறும். அரிலேட் அந்த அதிர்வை உறிஞ்சுகிற நார், அதனால் அடி மெத்தென்று வருகிறது. ஸைலான் என்று இன்னொரு நார் உண்டு, அரிலேட்டைவிட இரண்டு மூன்று மடங்கு விறைப்பு, அதைக் கார்பனோடு நெய்தால் இஸட்எல்சி, பந்து இன்னும் வெடித்துக்கொண்டு போகும். இதையெல்லாம் இஷ்டத்துக்குத் தடிமனாகப் போட முடியாது. பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும், ஒரு ஃபைபர் அடுக்கு மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மி.மீ., இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனமான ஐடிடிஎஃப்-இன் விதி. 5.8 மி.மீ. பிளேடில் 7.5 சதவீதம் 0.435 வரும், ஆக 0.35-தான் எல்லை. ஆகவே எல்லாக் கம்பெனிகளும் இந்த மெல்லிய கோட்டுக்குள்தான் வித்தை காட்டியாக வேண்டும். பிளேடுகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, பந்து படும்போது என்னதான் நடக்கிறது? பந்தின் எடை 2.7 கிராம். அது பேட்டை நோக்கி நொடிக்கு 10 மீட்டரில் வந்து 8 மீட்டரில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம், இது ஒன்றும் பெரிய அடி கிடையாது, சாதாரண டிரைவ். பந்து பேட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிற நேரம் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட், அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கண நேரத்துக்குள் 18 மீட்டர் வேக மாற்றம் நடந்தாக வேண்டும். கணக்குப் போட்டால் சராசரியாக 49 நியூட்டன், சுமார் 5 கிலோ எடை பேட்டின் மேல் உட்கார்ந்து எழுந்த மாதிரி. மூன்று கிராம்கூட இல்லாத ஒரு பந்து அப்படி அழுத்துகிறது!

அந்த அழுத்தத்தில் மூன்று பொருள்கள் நசுங்குகின்றன: பந்து, ரப்பரும் அதன் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்சும், அப்புறம் பிளேடு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று ஸ்பிரிங் மாதிரி. அடுக்கிய ஸ்பிரிங்குகளில் மெத்தென்று இருப்பதுதான் அதிகமாக அமுங்கும். மெதுவாக டச் வைக்கும்போது ஸ்பாஞ்சே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது, பிளேடு அவ்வளவாக அசையாது. ஓங்கி அடித்தால் ஸ்பாஞ்ச் அமுங்க முடிந்த அளவு அமுங்கி இறுகிப்போகிறது, அதற்கு மேல் பிளேடுதான் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. "மெதுவாக ஆடினால் மரம், ஓங்கி அடித்தால் கார்பன் முழித்துக்கொள்ளும்" என்று இன்னர் பிளேடைப் பற்றிச் சொல்வார்களே, அந்த அனுபவம் உண்மை, ஆனால் கார்பன் தூங்குவதும் இல்லை முழிப்பதும் இல்லை. அது எப்போதும் ஒரே விறைப்போடுதான் இருக்கிறது, ஸ்பாஞ்ச்தான் நடுவில் நின்று கதவைத் திறந்து மூடுகிறது. அதனால்தான் ஒரே பிளேடில் மெத்தையான ரப்பரிலிருந்து கெட்டியான ரப்பருக்கு மாறினால் பிளேடே மாறிவிட்ட மாதிரி இருக்கும். பிளேடைக் குறை சொல்கிறவர்களில் நிறையப் பேர் ரப்பரைத்தான் குறை சொல்லியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு விஷயமும் அந்த ஒரு மில்லிசெகண்டில் நடக்கிறது. பிளேடைத் தட்டினால் டொக் என்று ஒரு சத்தம் வருகிறதல்லவா, அது பிளேடு ஆயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸில் அதிர்கிற சத்தம். 1400 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஒரு முழு அதிர்வுக்கு 0.7 மில்லிசெகண்ட் ஆகும். பந்து பேட்டில் இருக்கிற நேரத்துக்குள் பிளேடு உள்ளே போய் வெளியே வந்து மறுபடி கிளம்பிவிடுகிறது. இந்த ஆட்டத்தில் செலவாகிற ஆற்றல் பந்துக்குத் திரும்பக் கிடைக்காது, அதிர்வாகவே கரைந்துவிடும். விறைப்பான பிளேடு குறைவாக வளைகிறது, குறைவாக அதிர்கிறது, அதனால் பந்துக்குத் திரும்பிப் போகிற ஆற்றல் அதிகம். கார்பன் "வேகம்" என்பதன் அர்த்தம் இவ்வளவுதான், அது தன் பங்குக்கு எதையும் கூட்டித் தருவதில்லை, குறைவாக வீணாக்குகிறது. பந்து பேட்டின் நடுவில் படாமல் கொஞ்சம் ஓரமாகப் பட்டாலும் வேகம் அவ்வளவாகக் குறையாமல் போவதும் இதனால்தான். பிளாக் ஆடுகிறவர்களுக்கு, அதாவது எதிராளியின் அடியைத் தடுத்தே திருப்புகிறவர்களுக்கு, இது பெரிய வரம்.

இந்த டொக் சத்தம் பிளேடு தேர்ந்தெடுக்க ரொம்ப உதவும். பிளேடை ஹேண்டிலின் கழுத்துப் பக்கம் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, முகத்தின் நடுவில் பந்தைத் தட்டவிட்டு, போனில் ஒலியின் அதிர்வெண் காட்டுகிற ஆப் ஒன்றை ஓடவிட்டால் உச்சியில் ஓர் எண் நிற்கும். எண் கூடினால் எடைக்கு விறைப்பு அதிகம் என்று அர்த்தம். ரப்பர் ஒட்டாத பிளேடுகளைத்தான் இப்படி ஒப்பிடலாம், ரப்பர் எடை சேர்ந்தால் எண் தாறுமாறாக இறங்கிவிடும்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் வேறு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டு பிளேடு. ஒன்று 85 கிராம், இன்னொன்று 90. தட்டிப் பார்த்தால் சத்தமே வேறு. காது கொஞ்சம் பழகியவர் எவருக்கும் சுருதி விலகியிருப்பது தெரியும். இதில் யார் தப்பும் இல்லை. மரம் மண்ணில் முளைத்தது, ஒரே இனத்து இரண்டு மரங்களின் அடர்த்தியே பத்து இருபது சதவீதம் மாறும், ஒரே மரத்தின் அடியும் நுனியும்கூட ஒன்றாக இருக்காது. தடிமனையும் பாருங்கள். வளைவை எதிர்க்கிற விறைப்பு தடிமனின் மூன்றாம் படியாக ஏறும், 5.8 மி.மீ. பிளேடு 5.9 ஆனால் விறைப்பு 5 சதவீதம் கூடிவிடும். எடையும் கூடவே கொஞ்சம் ஏறுவதால் அதிர்வெண்ணில் அது ஒன்றேமுக்கால் சதவீதம்தான், அரை ஸ்வரத்தில் பாதிக்கும் குறைவு. 0.1 மி.மீ. என்பது ஒரு தாளின் தடிமன், மணல்தாள் போடுகிறபோது கொஞ்சம் கை அழுந்தினால் போய்விடும்.

ஆக, அடுக்கு வரிசை ஒன்றாக இருக்கிற இரண்டு மாடல்களுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசத்தைவிட, ஒரே மாடலின் இரண்டு பிளேடுகளுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம் பெரிதாக இருக்கலாம். ஒருவர் அந்த மாடல் வேகம் என்றதும் இன்னொருவர் இந்த மாடல் வேகம் என்றதும் இரண்டுமே உண்மையாக இருப்பது இப்படித்தான், அவரவர் கையில் இருந்த பிளேடைப் பற்றிச் சொன்னார்கள். அதனால் மாடல் பெயரோடு நிறுத்தாமல் எடை என்ன என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

எடையைக் கேட்கும்போது ரப்பரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வெட்டி ஒட்டிய ஒரு லேசான ரப்பர் 43, 44 கிராம் இருக்கும், கெட்டியான ஸ்பாஞ்ச் உள்ளது 50 தாண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 12 கிராம் வித்தியாசம், அதுவும் முழுக்க முழுக்க முகத்தில், கையிலிருந்து தள்ளி. சுழற்றும்போது எடை எவ்வளவு என்பதோடு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்கிறது, இங்கேயும் தூரத்தின் வர்க்கம்தான். ஹேண்டிலில் 5 கிராம் கூடினால் கைக்குத் தெரியவே தெரியாது, நுனியில் 5 கிராம் கூடினால் பேக்ஹேண்டிலிருந்து ஃபோர்ஹேண்டுக்குத் திரும்பும்போது பேட் ஒரு கணம் தாமதமாக வருகிற மாதிரி இருக்கும். கெட்டியான ரப்பர் போட்டு லூப், அதாவது பந்தை முன்பக்கமாகப் பலமாகச் சுழலவிடுகிற டாப்ஸ்பின் அடி, அடிக்கிறவர் 90 கிராம் பிளேடை எடுத்தால் மொத்தம் 190 கிராமை எட்டிவிடும், அதைச் சுழற்றத் தோளும் முன்கையும் தயாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளி மரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கோட்டோ கெட்டி, பந்து சட்டென்று கிளம்பும், அடி பளிச்சென்று தெரியும். லிம்பா கொஞ்சம் இளகியது, பந்து ஒரு கணம் அமிழ்ந்து போகிற மாதிரி இருக்கும். நீங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்று பிளாக்கும் கவுண்ட்டரும் (எதிரடி) ஆடுகிறவர் என்றால் கோட்டோ வெளியிலும் கார்பன் அதற்கு அடுத்தும் இருப்பது வசதி. ஓரடி பின்னால் போய்த் தொடர்ந்து டாப்ஸ்பின் அடிக்கிறவர் என்றால் லிம்பா வெளியிலும் கார்பன் உள்ளேயும் இருப்பதைத்தான் நான் சொல்வேன்.

ஹேண்டில் சின்ன விஷயம் மாதிரித் தோன்றும், ஆனால் அடுக்கு ஒன்றாக இருக்கிற இரண்டு பிளேடுகளில் தீர்ப்புச் சொல்வது அதுதான். பந்து பேட்டை விட்டுப் போய் 20 மில்லிசெகண்ட் கழித்துத்தான் விரலின் சேதி மூளைக்குப் போய்ச் சேர்கிறது, அதற்குள் நொடிக்கு 10 மீட்டர் போகிற பந்து 20 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். நாம் ஃபீலிங் என்று சொல்வது முடிந்துபோன அடியின் அதிர்வு, அடுத்த அடியைத் திருத்திக்கொள்ள உதவுகிற சேதி. அந்தச் சேதி வருகிற வழி ஹேண்டில். தடித்த ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் அதிர்வு அமுங்கிப்போகும், மெல்லியதைத் தளர்வாகப் பிடித்தால் விரல் நுனி வரைக்கும் வரும். அடிப்பக்கம் விரிந்த ஃபிளேர்டு ஹேண்டில் கையில் பூட்டு மாதிரி நிற்கும், நேராக இருக்கிற ஸ்ட்ரெய்ட்டில் பிடியை மாற்றிக்கொள்ளச் சுலபம்.

இரண்டில் எது என்று இன்னும் மனது ஊசலாடினால் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு பிளேடிலும் ஒரே ரப்பர், ஒரே தடிமன், ஒரே நாளில் ஒட்டியது. ஹேண்டில் இரண்டிலும் ஒரே மாதிரி கிரிப் டேப்பைச் சுற்றி, பெயர் தெரியாமல் மறைத்துவிடுங்கள். கூட ஆடுகிறவரிடம் கொடுத்து, எது எது என்று சொல்லாமல் அவர் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் இருபது லூப், இருபது பிளாக், பத்து சர்வீஸ் ரிசீவ். எத்தனை மேசையில் விழுந்தது என்று அவர் எழுதிக்கொள்ளட்டும். டேப்பைப் பிரிப்பதற்கு முன்னால் உங்களுக்குப் பிடித்தது எது என்று சொல்லிவிடுங்கள்.