கழுத்து கறுத்த பிறகு மருந்து எதற்கு?

"சார், டபுள் டோஸ் அடிச்சும் கேக்கல, மருந்தே போலிங்கிறாங்க." இந்தச் சம்பாவில் இதை எத்தனை பேர் வாயால் கேட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். நேற்று வந்தவர் கையில் ஆந்திரா பொன்னி நெற்கதிர், தாளோடு சேருகிற கழுத்து கறுத்து மடங்கி, அத்தனையும் பதர். குலைநோய், பூஞ்சையால் வருவது. அடித்தது டிரைசைக்ளசோல். நல்ல மருந்துதான், அடித்த நாள்தான் தப்பு.

டிரைசைக்ளசோல் குலைநோய்ப் பூஞ்சையைக் கொல்லாது. கொல்லாது என்றால் கொல்லாது! ஆய்வுக்கூடத் தட்டில் வயலுக்கு அடிக்கிற அளவுக்கும் குறைவாக இந்த மருந்தைக் கலந்து பூஞ்சையை வளர்த்துப் பாருங்கள், அது பாட்டுக்கு வளரும்; கருஞ்சாம்பலாக இருக்க வேண்டியது செம்பழுப்பாக மாறும், அவ்வளவுதான். இந்த மருந்து மறிப்பது மெலனின் என்ற கறுப்பு நிறமியை. (மாணவர்களுக்கு முதல்முறை அந்தத் தட்டைக் காட்டும்போது, மருந்து வேலை செய்யவில்லை என்றே எழுதிவைப்பார்கள்.)

நிறம் போனால் பூஞ்சைக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். இலைமேல் விழுந்த பூஞ்சை வித்து முளைத்து, நுனியில் ஒரு குமிழ் கட்டும். அதற்குள் கிளிசரால் சேரச் சேரத் தண்ணீர் உள்ளே ஏறி, சுமார் 80 வளிமண்டல அழுத்தம் வரை போகும். கார் டயரில் இருப்பதைவிட 30 மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தில்தான் இலைத்தோலைக் குத்துகிறது. குமிழின் சுவரில் மெலனின் இல்லாவிட்டால் கிளிசரால் கசிந்துவிடும், பஞ்சர் டியூபுக்குக் காற்றடித்த கதைதான். ஆனால் உள்ளே போன பூஞ்சைக்கு இந்தக் குமிழ் எதற்கு? நிறமியே செய்யத் தெரியாத வெளிறிய பூஞ்சை ரகங்கள்கூட, இலையில் காயம் இருந்தால் அது வழியாகப் புகுந்து நோயை உண்டாக்கிவிடும். அப்படியிருக்க, கழுத்து கறுத்த பிறகு டபுள் டோஸ் அடித்து என்ன ஆகப்போகிறது, அரிசியில் மிச்சம் நிற்பதைத் தவிர?

இலையில் முதல் கண்வடிவப் புள்ளி தெரிந்ததும் அடிப்பது வேறு விஷயம். அந்தப் புள்ளி ஆறாது, ஆனால் அதிலிருந்து பறக்கிற வித்து அடுத்த இலையைக் குத்தாது. கழுத்துக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. அதனால் தொண்டைக்கதிர், அதாவது கதிர் உறைக்குள்ளேயே இருக்கிற பருவம், முடிந்து கதிர் எட்டிப்பார்க்கிறபோதே அடித்துவிடுங்கள், டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு ஒரு கிராம்கூடக் கூட்டாமல். ராத்திரி குளிர்ந்து, காலை வெகுநேரம் இலை பனியில் நனைந்தே கிடந்தால் நாள் தள்ளாதீர்கள். அப்புறம் அந்த யூரியா! பயிர் கரும்பச்சையாக நின்றால் உங்களுக்கு மட்டுமா சந்தோஷம், பூஞ்சைக்கும்தான். தயவுசெய்து பிரித்துப் போடுங்கள்.

நேற்று வந்தவர் வயலுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அவர் மச்சான் இருபது நாள் பிந்தி நட்டாராம், அதே ரகம், இன்னும் தொண்டைக்கதிர்தான். உட்காரும்முன்பே அவருக்குப் போன் போடச் சொன்னேன்.