மேடைக்கு வந்தவர் ஏன் காதை அடைக்கிறார்?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கலியாண மண்டபங்களில் இசைக்குழு வாசிக்கும்போது, பாடகரின் காலடியில் சரிவாக ஒரு ஸ்பீக்கர் பொக்ஸ் கிடக்கும். அது சபைக்கு அல்ல, அவருக்கு. பெரிய பொக்ஸ்கள் சபையைப் பார்த்து நிற்பதால், அவற்றின் தெளிவான ஒலி மேடைக்கு வராது. பின்சுவரில் பட்டுத் திரும்புவதுதான் வரும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் போகிறது. சுவர் 20 மீற்றர் தள்ளி இருந்தால், போய்வர 0.1 செக்கனுக்கு மேல் ஆகும். அதைக் கேட்டுப் பாடினால் தாளம் இழுபடும்.

சரி, காலடிப் பொக்ஸ் போதாதா? ட்ரம்ஸை மீறிக் கேட்கவேண்டும் என்று பாடகர் சத்தத்தைக் கூட்டச் சொல்வார். உடனே கிட்டார்காரரும் தன் பங்குக்குக் கூட்டுவார். கடைசியில் பொக்ஸின் ஒலி மைக்குக்குள் புகுந்து, திரும்பத் திரும்பப் பெருகி, 'கீ' என்று கூவும்.

மேடையில் இருப்பவர் தன் குரலையும் இசையையும் கேட்கக் காதுக்குள் செருகும் சிறு கருவிதான் இன்-இயர் மொனிட்டர். அது இதைத் தலைகீழாகச் செய்கிறது. நுரை அல்லது சிலிக்கன் முனை காதுத் துவாரத்தை நன்றாக மூடினால், வெளிச்சத்தம் 20 டெசிபலுக்கு மேலும் குறையலாம். 20 டெசிபல் என்றால் ஒலியின் ஆற்றல் நூறில் ஒரு பங்காகிறது என்று பொருள். அப்புறம் தன் குரலைக் கேட்க அலறவிடத் தேவையில்லை. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நையோஷ் (NIOSH) நிறுவனக் கணக்கில் 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான்!

அடைப்பில் சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் தொலைவது பேஸ் என்ற கனத்த ஒலி. மூடிய சிறு இடத்தில்தான் அந்தக் குட்டிக் கருவியால் கனத்த ஒலிக்கான அழுத்தத்தை உண்டாக்க முடியும். "பேஸ் காணாது" என்று சவுண்ட்காரரைத் திட்டுமுன் முனையின் அளவை மாற்றிப் பார்க்கலாம்.

ஆனால் அடைத்தால் தன் குரலே தலைக்குள் 'ஓம்' என்று முழங்கும். பாடும்போது எலும்பு வழியாக வரும் அதிர்வு, வழக்கமாகக் காதுத் துவாரம் வழியே வெளியேறிவிடும். இப்போது அதற்கு வழியில்லை. சபையின் கைதட்டலும் கேட்காது. அதனால் பலர் ஒரு பக்கத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிடுகிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். திறந்த காதில் ட்ரம்ஸ் நேரே இடிக்கும். அதற்கு ஈடாக அடைத்த காதில் சத்தத்தைக் கூட்டுவார்கள். இரண்டு காதுக்கும் கேடு. மேடை ஓரத்தில் சபையை நோக்கி ஒரு மைக் வைத்து, அதன் ஒலியையும் காதுக்கு அனுப்பினால் கைதட்டல் கேட்கும்.

தொலைபேசியின் புளூடூத் இயர்போன் இதற்கு உதவாது. அதில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிசெக்கனைத் தாண்டும். தப்பி ஓடிவந்த பின்சுவர் எதிரொலியைக் காசு கொடுத்துக் காதுக்குள்ளேயே வைத்த கதைதான். ட்ரம்ஸ், கீபோர்ட் வாசிப்பவர்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. அவர்களுக்கு வயர்லெஸ் வேண்டாம், வயர் இணைப்பே போதும், மலிவும்கூட.