ஐஜிஎம் ஏறினால் எதிர்ப்புச் சக்தி என்று யார் சொன்னது?

போன வாரம் 4 வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது முறையாக நிமோனியா. காதில் சீழ் வடிவது ஒன்றரை வயதிலிருந்தே உண்டு. கழுத்தெல்லாம் நெறிகட்டி. டான்சில் பெரிதாக இருக்கிறதென்று அதையும் எடுத்தாகிவிட்டது. கையில் 8 மாதத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு: கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி புரதங்களில் ஐஜிஎம் வகை (சுருக்கமாக எம்) 480, ஐஜிஜி வகை (ஜி) வெறும் 70. "எம் நல்லா ஏறியிருக்கு, உடம்பு போராடுதுன்னு சொன்னாங்க டாக்டர்" என்றார் அப்பா. ஜி-யைக் கவனிக்காமல் விட்ட சீட்டு எனக்கு இந்த வருடத்தில் இது மூன்றாவது.

டெங்கு, டைபாய்டு டெஸ்டில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று கேட்டுக் கேட்டு வந்த குழப்பம் இது. அது ஒரு குறிப்பிட்ட கிருமியைப் பற்றிய சோதனை. இந்தச் சீட்டில் இருப்பதோ மொத்த அளவு. மொத்த எம் ஏறி, ஜி அடிமட்டத்தில் கிடந்தால் குழந்தைக்குப் பாதுகாப்பே இல்லை என்று அர்த்தம். ஹைப்பர் ஐஜிஎம் என்ற பிறவி நோயா என்று பார்க்க வேண்டும். எம் ஏறியதால் உடம்பு பலமாகிவிடாது. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

ஆன்டிபாடி செய்யும் வெள்ளை அணுவான பி செல், முதலில் எம் வகையைத்தான் செய்யும். அப்புறம் கிருமியைப் பிடிக்கும் முனையை அப்படியே வைத்துக்கொண்டு, அடிப்பகுதியை மட்டும் மாற்றி ஜி, ஏ வகைகளுக்குப் போகும். இதற்குத் தன் டிஎன்ஏவையே வெட்டி ஒட்டுகிறது. வெட்டும் இடத்தில் உருவாகும் ஆர்என்ஏ, தன்னைப் படியெடுத்த இழையை விட்டு விலகாமல் அதோடு ஒட்டிக்கொள்ளும். எதிர் இழை தனியே வளைந்து தொங்கும். இதுதான் ஆர்-லூப். அந்தத் தனி இழையில் ஏஐடி என்ற நொதி, சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்தை டிஎன்ஏவில் இருக்கக் கூடாத யுராசிலாக மாற்றும். பழுதுபார்க்கும் நொதிகள் அதை நீக்கப்போய் டிஎன்ஏ அறுபட, நடுத்துண்டு கழன்று முனைகள் சேரும். மற்ற செல்களில் ஆர்-லூப் நீடித்தால் டிஎன்ஏவுக்கு ஆபத்து. பி செல் அதையே கருவியாக்கியிருப்பதை இன்றும் வியந்துதான் படிக்கிறேன்.

ஏஐடியை 1999இல் ஜப்பானில் தசுகு ஹோஞ்சோவின் குழு கண்டறிந்தது. அந்த மரபணு பழுதான நோயாளிகளைப் பற்றி 2000லேயே எழுதிவிட்டார்கள். இவர்களின் பி செல்லால் வகை மாற முடியாது, எம்மையே செய்துகொண்டிருக்கும். நிணநீர்க் கட்டிகள் வீங்குவதும் இதனால்தான். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வர வேண்டும் என்பதால், சொந்தத்தில் கல்யாணமா என்று நான் கேட்டால் கோபப்படாதீர்கள். இந்தக் குழந்தையின் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன்.

ஆண் குழந்தைகளில் இந்த நோயின் இன்னொரு வகை அதிகம். அதில் பழுது, டி செல் என்ற இன்னொரு வெள்ளை அணு பி செல்லுக்கு 'வகை மாறு' என்று சொல்லப் பயன்படுத்தும் சிடி40 லிகண்ட் என்ற புரதத்தில், தாய்வழியே வரும். அதனால் தாய்மாமன் யாராவது சிறு வயதிலேயே இறந்தாரா என்றும் கேட்பேன். தண்ணீரில் வரும் கிருமிகள் இவர்களை எளிதில் தாக்கும் என்பதால், குடிதண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியா வந்தாலே ஜி, ஏ, எம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். டானிக், கஷாயம் என்று மாதங்களை வீணாக்காதீர்கள். சீட்டில் பெரியவர்களுக்கான அளவு அச்சாகியிருக்கும், குழந்தையின் வயதுக்கான அளவைக் கேளுங்கள். இம்யூனோகுளோபுலின் (கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றும் முன்பே பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு பார்த்தால் தெரிவது கொடையாளர்களின் ஜி. உயிருள்ள கிருமித் தடுப்பூசி எதுவானாலும் போடுமுன் எங்களைக் கேளுங்கள். வீட்டில் மற்றவர்கள் தங்கள் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம்; போலியோ சொட்டு மருந்தை மட்டும் எங்களைக் கேட்டுப் போடுங்கள்.

குழந்தை தெளிந்துவிட்டாளே என்று மருந்து ஏற்றுவதை நிறுத்திவிடாதீர்கள், அம்மா. ஏற்றிய ஜி சுமார் 3 வாரத்தில் பாதியாகிவிடும்.

அவளுக்கு 8 மாதத் தம்பி இருக்கிறான். அம்மாவிடமிருந்து வந்த ஜி இந்நேரம் தீர்ந்திருக்கும். திங்கட்கிழமை அவனையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.