பாலியல் ஆக்கிரமிப்பா? அத்துமீறல்னு எழுதுங்க

அமெரிக்க காலேஜ் பசங்களைப் பத்தின உளவியல் ஆய்வுன்னு நேத்து இன்னொரு கட்டுரை, தலைப்புலயே "பாலியல் ஆக்கிரமிப்பு". இங்கிலீஷ் 'செக்ஷுவல் அக்ரெஷன்'ங்கிறதை இப்படித் தமிழாக்கியிருக்காங்க. எங்க அக்கா அதை மட்டும் பாத்துட்டு "காலேஜ் எடத்தை யாரு வளைச்சுப் போட்டா?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல, ஆக்கிரமிப்புன்னா நமக்கு ஏரி, ரோட்டோரக் கடை, ஜேசிபிதான்.

வேர் ஒத்துப்போகுதேம்பாங்க. அக்ரெஷனுக்கு லத்தீன் மூலம் கிட்ட அடியெடுத்து வைக்கிறது, சமஸ்கிருத 'க்ரம்'மும் அடிவைக்கிறதுதான். சரி, ஆனா இன்னிக்கு தமிழ்ல படிக்கிறவங்களுக்கு அந்த வேரா தெரியும்? நிலம்னா பட்டா யார் பேர்லங்கிற கேள்வி வரும், பொண்ணோட உடம்பை அந்தக் கணக்குல பேசவே கூடாதுங்க.

நியூஸ்ல வர்ற "காமவெறி" இதைவிட மோசம். வெறின்னதும் ஏதோ தன் கட்டுப்பாட்டுல இல்லாதவன்னு ஆயிடுது. உளவியல் ஆய்வாளர் நீல் மாலமத் 1991ல காலேஜ் ஆண்களை வச்சு சொன்னது வேற: பொண்ணுங்க மேல ஒரு பகை, சந்தேகம், அவங்களை அடக்கி ஆளணுங்கிற எண்ணம், இது ஒரு பக்கம், மனசு ஒட்டாம உறவை ஒரு ஆட்டமா எடுத்துக்கிறது இன்னொரு பக்கம், ரெண்டும் சேர்ற எடத்துலதான் ஆபத்து அதிகம். இதுல எங்கங்க வெறி?

"வன்முறை"ன்னு போடலாமேன்னு கேப்பீங்க. இன்னொரு உளவியல் ஆய்வாளர் மேரி காஸ், அவங்க குழு 1987ல அமெரிக்காவுல 32 காலேஜ்கள்ல ஆறாயிரத்துக்கு மேல பேர்கிட்ட கேட்டது அடி உதையை மட்டும் இல்ல, நச்சரிச்சு இணங்க வைக்கிறது, குடிக்கக் குடுத்து மயக்குறது எல்லாம் அதுல உண்டு. வன்முறைன்னா இதெல்லாம் கண்ணுல இருந்து விட்டுப்போயிடும்.

அதனால பாலியல் அத்துமீறல். அத்துன்னா எல்லை. அரபு 'ஹத்து'ல இருந்து வந்ததும்பாங்க, அதுக்காக சில தனித்தமிழ் நண்பர்கள் "எல்லைமீறல்"னு மாத்துறாங்க, அது எனக்கு பார்டர்ல பட்டாளம் தாண்டுற மாதிரி கேக்குது. "அத்துமீறி நடந்துக்கிட்டான்"னு ஒரு பொண்ணு சொன்னா வேற விளக்கமே வேணாம், எல்லாருக்கும் புரியும்.

மொழிபெயர்க்கிறவங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். காஸ் கேள்வித்தாள்ல "வல்லுறவு செஞ்சியா"ன்னு பேர் வச்சுக் கேக்காம நடந்ததை நடந்தபடி கேட்டதாலதான் பல பசங்க ஆமான்னாங்க, அவங்கள்ல பெரும்பாலானவங்க தான் செஞ்சது வல்லுறவே இல்லன்னு நம்பிட்டிருந்தவங்க. அதைத் தமிழாக்கும்போது "ஆக்கிரமிப்பில் ஈடுபட்டதுண்டா"ன்னு எழுதிடாதீங்க. "அவ வேணாம்னு சொன்ன பிறகும் விடாம பேசிப் பேசி இணங்க வச்சியா"ன்னு எழுதுங்க.