ஏரிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: ஓர் அவசர சிகிச்சை மருத்துவரின் குறிப்புகள்

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறவர்களுக்கு ஆண்டின் சில நாட்களைப் பற்றி முன்கூட்டியே ஒரு கவலை இருக்கும். சென்னையின் மேற்குப் புறநகரில் பணிபுரியும் எனக்கு, காணும் பொங்கலும் கோடை விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமைகளும் அத்தகைய நாட்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஆம்புலன்ஸோ, சில வேளைகளில் ஒரு ஷேர் ஆட்டோவோ வேகமாக உள்ளே நுழையும். ஈர உடையோடு நான்கைந்து இளைஞர்கள் இறங்கி ஓடி வருவார்கள். அவர்கள் தூக்கி வரும் ஆறாவது இளைஞனின் உடலில் அசைவு இருக்காது. "பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தான் சார், கூப்பிடவே இல்ல" என்பதுதான் பெரும்பாலும் நான் கேட்கும் முதல் வாக்கியம். அது பொய்யில்லை என்று விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஏரிக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்டு, சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் பூண்டி நீர்த்தேக்கத்தின் கரையில் மாலை வெயிலில் நடப்பது எனக்கும் பிடித்தமான பொழுதுபோக்கு. நீச்சல் குளத்துக்குக் கட்டணம் கட்ட இயலாத, கடலுக்குள் இறங்க அஞ்சுகிற ஒரு பெருநகரத்து இளைஞர்கள் கோடையில் வேறு எங்கே போவார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்நிலைகள். அவற்றில் குளிப்பதற்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாத இடத்தில் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார், மிதவை வளையம் இருக்காது, ஆழத்தைக் காட்டும் கயிறும் கட்டப்பட்டிருக்காது. தடையை மீறுவது சட்டப்படி குற்றமா என்பதைவிட, மீறுகிறவருக்கு அங்கே உதவிக்கு ஆளில்லை என்பதே ஒரு மருத்துவனாக எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏரியின் அமைப்பைப் பற்றி நகரவாசிகளுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கடற்கரையில் பழகியவர்கள், கரையோரம் ஆழம் குறைவு, உள்ளே போகப் போகத்தான் ஆழம் என்று நினைக்கிறார்கள். நம் ஏரிகள் அப்படி வெட்டப்பட்டவை அல்ல. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை எழுப்பி நீரைத் தேக்குவதே ஏரி. ஆகவே கரையை ஒட்டிய பகுதி, அதிலும் மதகு இருக்கும் இடம், மிக ஆழமானது. ஊர்க்காரர்கள் உள்வாய் என்று சொல்லும் எதிர்ப்பக்கமே ஆழம் குறைந்தது. சாலையிலிருந்து வருகிறவர்களோ வண்டியைக் கரைமேல் நிறுத்தி, மதகின் கற்படிகள் வசதியாக இருக்கின்றன என்று அங்கேயே இறங்குகிறார்கள். மதகு திறந்திருந்தால் அடியில் நீர் உள்ளிழுக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. நீர் நிரம்பிய செம்பரம்பாக்கத்தின் மட்டம் 24 அடி என்றும், பூண்டியின் மட்டம் 35 அடி என்றும் செய்தித்தாளில் படிக்கிறோம். அந்த எண் தரையின் மேடு பள்ளத்தைச் சொல்லாது. கோடையில் மண் அள்ளிய ஏரியில் முழங்கால் அளவு நீரில் நடந்து கொண்டிருப்பவர், அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழப் பள்ளத்தில் இறங்கிவிடக்கூடும். பள்ளத்தின் அடியில் வண்டல் சேறு இருந்தால் காலை உதறி மேலே வரவும் முடியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை அறிவுரையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். ஏரிக்கரையில் அதன் நேர்ப்பொருளே போதுமானது.

மழை பெய்யவில்லையே, நீர் எப்படி உயரும் என்று கேட்பதும் சரியில்லை. கண்டலேறு அணையிலிருந்து திறக்கப்படும் கிருஷ்ணா நீர், ஆந்திரத்தில் ஏறத்தாழ 150 கி.மீ. கால்வாயில் ஓடி ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையைத் தொட்டு, அங்கிருந்து 25 கி.மீ. கடந்து பூண்டிக்கு வந்து சேர்கிறது. சென்னையில் வானம் வெளுத்துக் கிடக்கும் மாதத்திலும் பூண்டியின் மட்டம் ஏறலாம். அதே போல, உபரிநீர் மதகுகளுக்குக் கீழே ஆற்றிலும் தடுப்பணைகளிலும் குளிப்பவர்கள், விநாடிக்கு 1,000 கன அடி நீர் திறப்பு என்ற செய்தியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். அப்படியானால், நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் இரண்டுக்கும் மேற்பட்ட அளவு ஒவ்வொரு விநாடியும் வந்து மோதுகிறது என்று பொருள். தடுப்பணையின் அடியில் அந்த நீர் உருளை போலச் சுழன்று, விழுந்தவரை வெளியே விடாமல் திரும்பத் திரும்பக் கீழே இழுக்கும். அங்கே நீச்சல் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றுதான்.

இனி, கூப்பிடவே இல்லை என்ற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். திரையில் காட்டுவது போல, மூழ்குகிறவர் கையை உயர்த்தி வீசிக் காப்பாற்றுங்கள் என்று கத்துவதில்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அந்த ஒரு கணத்தில் மூச்சை விட்டு, மீண்டும் இழுப்பதற்கே நேரம் போதாது. குரல் எழுப்ப எஞ்சிய மூச்சு கிடையாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழே அழுத்தும். உயர்த்தி அசைக்க அவரால் இயலாது. உடல் செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், கண்கள் எதையும் பார்க்காமல் வெறித்திருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவர் நின்றபடி வானத்தைப் பார்ப்பது போலவே தோன்றும். பெரியவர்களுக்கு இந்த நிலை ஒரு நிமிடத்தைத் தாண்டுவது அரிது. குழந்தைகள் 20 விநாடிகளில் மூழ்கிவிடலாம். கைப்பேசியில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் நேரம் அது. ஆகவே பிள்ளைகளோடு போகும் குடும்பத்தில் ஒருவர், கைப்பேசியையும் பேச்சையும் விட்டுவிட்டு, நீரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவர் மது அருந்தியிருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம்தான்.

ஒருவர் தத்தளிப்பதைக் கண்டதும் நண்பர் குதிக்கிறார். அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கிறார். ஒரே நீர்நிலையில் இரண்டு மூன்று உயிர்கள் போவது பெரும்பாலும் இப்படித்தான். மூழ்குகிறவர் கையில் சிக்கியதைப் பிடித்து அதன்மேல் ஏற முயல்வார். அது காப்பாற்ற வந்தவரின் தோளாகவும் இருக்கலாம். கரையிலிருந்தே நீட்டவும் எறியவும் ஏதேனும் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரைக்கு இழுத்தார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கப்பட்டது. மீட்புத் துறையினர் பயிற்சியில் கற்றுத் தருவதும் அதே முறைதான். வண்டியில் ஒரு நீளக் கயிறும், மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன் ஒன்றும் இருந்தால் அதுவே மிதவை.

படகுக்கும் இது பொருந்தும். 2011 கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காடு ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடையைப் படகின் ஓரத்தில் குவித்து வைத்திருப்பதால் பயனில்லை. கவிழ்ந்த பிறகு நீருக்குள் அதை அணிய முடியாது. ஏறுமுன் எல்லோருக்கும் உடை தராத படகில் ஏறாமல் திரும்பி வருவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நடப்பதுதான் என்னை அதிகம் சோர்வடையச் செய்கிறது. வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது, காலைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றுவது, குப்புறப் போட்டு முதுகில் குத்துவது என்று பொன்னான நிமிடங்கள் போய்விடுகின்றன. நீரில் மூழ்கியவரின் உயிரை எடுப்பது வயிற்றிலுள்ள தண்ணீர் அல்ல; மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போகாததே. வயிற்றை அமுக்கினால் உள்ளிருப்பது மூச்சுக்குழாய்க்குள் ஏறி நிலைமை மோசமாகும். மூச்சு நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்குவதால், ஒருவர் 108-ஐ அழைக்கும்போதே மற்றொருவர் தொடங்கிவிட வேண்டும். மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, பத்து விநாடிக்குள் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இடையிடையே வரும் விக்கல் போன்ற திணறலை மூச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு இல்லையென்றால் மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து, மார்பு உயரும் அளவுக்கு ஐந்து முறை ஊதுங்கள். அப்போதும் அசைவு இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், ஐந்து செ.மீ. இறங்கும்படி 30 முறை அழுத்தி, இரண்டு முறை ஊத வேண்டும். உதவி வரும் வரை இதை நிறுத்தக் கூடாது. மாரடைப்பில் விழுந்தவருக்கு மார்பை அழுத்தினால் மட்டும் போதும் என்று பலரும் கற்றிருக்கிறார்கள்; மூழ்கியவருக்கு அது போதாது, மூச்சே முதல் மருந்து. வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். தலைகுப்புறப் பாய்ந்து அடிபட்டவர் என்றால், கழுத்தைத் திருப்பாமல் தாடையை மட்டும் தூக்க வேண்டும்.

எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பத்து வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தந்தை பைக்கில் அழைத்து வந்தார். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டான், இப்போது இருமல் மட்டும்தான், மருந்து கொடுத்தால் கிளம்பிவிடுவோம் என்றார். நான் குறைந்தது ஆறு மணி நேரம் இருக்கச் சொன்னபோது, பணம் பிடுங்கத்தான் இப்படிச் சொல்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். நுரையீரலுக்குள் போன ஏரி நீர் சிறு காற்றறைகளை விரிய வைக்கும் படலத்தைக் கழுவிவிடும், அதன் விளைவு சில மணி நேரம் கழித்தே தெரியலாம் என்று எடுத்துச் சொன்ன பிறகும், அரை மனதோடுதான் உட்கார்ந்தார். நான்காவது மணி நேரத்தில் சிறுவனின் மூச்சு வேகமெடுத்தது. ஆக்சிஜன் அளவு 94-லிருந்து 88-க்கு இறங்கியது. இரண்டு நாள் ஆக்சிஜனோடு படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனான். போகும்போது, இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், உடனே அழைத்து வாருங்கள் என்று சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். தந்தை அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.